ஹேட்ரியன் சுவர் முதல் ஷெவியட் மலை வரை: எல்லை நாட்டுத் தொல்லியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து, கம்பிரியா ஆகிய இரண்டு மாவட்டங்களும் ஸ்காட்லாந்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ரோமானியர் சுவரைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சுவரின் கல்லைப் பெயர்த்துக் கட்டிய தேவாலயமும், கொள்ளைக்குப் பயந்து கட்டிய குடியானவர் வீடும், புல்லுக்கடியில் கிடக்கும் பழைய உழவுத் தடமும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியவை. நேரில் போகிறவர்களையும் வீட்டிலிருந்தே வரைபடத்தில் தேடுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

ஹேட்ரியன் சுவர்தான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையா?

இல்லை. சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. மேற்கு முனையான போனஸிலிருந்து இன்றைய எல்லை ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கிழக்கு முனையான வால்சென்டிலிருந்து பார்த்தால் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சுவர் எழுந்த காலத்தில் இங்கிலாந்து என்றோ ஸ்காட்லாந்து என்றோ நாடே கிடையாது.

இன்றைய எல்லைக்கு அடிப்படை 1237-ல் கையெழுத்தான யார்க் உடன்படிக்கை. அதற்குப் பிறகும் கிழக்குக் கரையில் உள்ள பெரிக் நகரம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1482-ல்தான் கடைசியாக இங்கிலாந்திடம் வந்தது. மேற்கே எஸ்க், சார்க் ஆறுகளை ஒட்டிய ஒரு துண்டு நிலத்துக்கு இரு நாடுகளும் உரிமை கொண்டாடின. பகலில் மாடு மேய்க்கலாம், நிரந்தர வீடு கட்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். 1552-ல் பிரெஞ்சுத் தூதரை நடுவராக வைத்து அதைப் பிரித்தார்கள். இணையாக இரண்டு பள்ளம் தோண்டி, அந்த மண்ணை நடுவில் கொட்டி எழுப்பிய கரைதான் எல்லைக்கோடு. ஸ்காட்ஸ் டைக் எனப்படும் அந்தக் கரை மரங்களுக்கு நடுவே இன்றும் இருக்கிறது. பல இடங்களில் தேய்ந்துவிட்டதால், தெரியாதவர்கள் பழைய வரப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சுவர் எப்படிக் கட்டப்பட்டது? அளவுகள் என்ன?

கி.பி. 122-ல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்ததை ஒட்டி வேலை தொடங்கியது. அப்போதைய ஆளுநர் ஆலஸ் பிளட்டோரியஸ் நெபோஸ். மைல்கோட்டை 38 என்று எண்ணிட்ட சிறுகோட்டையில் கிடைத்த கல்வெட்டில் பேரரசர், இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவு, நெபோஸ் ஆகிய மூவரின் பெயரும் சேர்ந்தே வருவதால் சுவர் யார் காலத்தது என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது. கட்டியவர்கள் மூன்று லீஜியன்கள், அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகள். நீளம் 80 ரோமானிய மைல், அதாவது சுமார் 117 கிலோமீட்டர்.

ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு மைல்கோட்டை, இரண்டு மைல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரம். இந்தக் கணக்கு ஏறக்குறைய முழு நீளத்துக்கும் பொருந்துவதால், கண்ணுக்குத் தெரியாத கோபுரம் எங்கே இருக்கவேண்டும் என்று அளந்தே தேட முடிகிறது.

முதலில் 10 ரோமானிய அடி, ஏறக்குறைய 3 மீட்டர் அகலத்துக்கு அடித்தளம் போட்டார்கள். வேலை நடக்கும்போதே திட்டம் மாறி, மேல்சுவரை 8 அடி அல்லது அதற்கும் குறைவாக ஒடுக்கினார்கள். அதனால் பல இடங்களில் அகல அடித்தளத்தின் மேல் ஒடுங்கிய சுவர் உட்கார்ந்திருக்கிறது. இர்திங் ஆற்றுக்கு மேற்கே முதலில் எழுந்தது கல்சுவரே அல்ல, புல்கட்டிகளை அடுக்கிய 6 மீட்டர் அகல மண்சுவர். அதைப் பின்னாளில் கல்லாக மாற்றினார்கள்.

வடபக்கம் அகழி உண்டு. செங்குத்துப் பாறை உள்ள நடுப்பகுதியில் அகழி தேவைப்படவில்லை. லைம்ஸ்டோன் கார்னர் என்ற இடத்தில் (பெயர் அப்படி இருந்தாலும் அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல் அல்ல, இறுகிய எரிமலைக்குழம்புப் பாறை) அகழி வெட்டும் வேலை பாதியில் நின்றிருக்கிறது. பள்ளத்துக்குள் ஒரு பெரிய பாறை அப்படியே கிடக்கிறது. குனிந்து பார்த்தால் அதன் மேற்பரப்பில் ஆப்பு இறக்கத் தோண்டிய குழிகள் வரிசையாகத் தெரியும்.

சுவரில் ரோம் நகரத்துக்காரர்களா காவல் நின்றார்கள்?

பெரும்பாலும் இல்லை. கட்டியவர்கள் லீஜியன் வீரர்கள். காவல் இருந்தவை துணைப்படைகள். இன்றைய நெதர்லாந்துப் பகுதியிலிருந்து பட்டாவியர், பெல்ஜியப் பக்கமிருந்து துங்க்ரியர், கார்வோரனில் சிரியா வில்லாளிகள், மூன்றாம் நூற்றாண்டில் பர்க்-பை-சாண்ட்ஸில் வட ஆப்பிரிக்க மூர் படை என்று பல ஊர் ஆட்கள். சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் இதற்கு நல்ல சாட்சி. சிரியாவின் பல்மைராவைச் சேர்ந்த பராட்டெஸ் என்பவர், தன் மனைவியும் முன்னாள் அடிமையுமான ரெஜினாவுக்கு எடுத்தது. தென்பிரிட்டனில் பிறந்த அவள் 30 வயதில் இறந்தாள். மேலே லத்தீன், கீழே பல்மைரா எழுத்தில் ஒரு வரி.

சுவருக்குத் தெற்கே ஓடும் பெரிய பள்ளம் எது?

அது வால்லம். பலர் இதையே சுவரின் அகழி என்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம், இரு பக்கமும் சற்றுத் தள்ளி மண்கரை, மொத்தம் 36 மீட்டர் அகலம். கோட்டை வாசலுக்கு நேரே மட்டும் கடக்க வழி விட்டிருப்பதால், ராணுவ நிலத்தைப் பொதுமக்களிடமிருந்து பிரித்த வேலி என்பதுதான் பொருத்தமான விளக்கம். எளிய அடையாளம்: பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கரை இருந்தால் வால்லம், வடபக்கம் மட்டும் மண் பரப்பிக் கிடந்தால் அகழி.

கிழக்கே சுவரையே காணோமே, எங்கே போயிற்று?

சாலைக்கு அடியில். ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணை ஏற்ற 1745-ல் நடந்த ஜேகபைட் கிளர்ச்சியின்போது நியூகாசிலிலிருந்து கார்லைலுக்குப் படையைச் சீக்கிரம் கொண்டுபோக நல்ல சாலை இல்லை. அதனால் 1750-களில் ராணுவச் சாலை ஒன்றைப் போட்டார்கள். கிழக்கே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டருக்குச் சுவரை இடித்துத் தட்டி, அதன்மேலேயே சாலை போனது. இன்றைய பி6318 அதுதான். நூல் பிடித்தாற்போல் அது நேராக ஓடக் காரணம் ரோமானியரின் அளவை வேலை.

அதற்கு முன்பே எடுத்துக்கொண்டவர்களும் குறைவில்லை. ஹெக்ஸமில் 674 வாக்கில் வில்ஃப்ரிட் கட்டிய தேவாலயத்தின் நிலவறை முழுக்க ரோமானியக் கல். லானர்காஸ்ட் மடம், தர்ல்வால் கோட்டை, கோர்பிரிட்ஜில் பாதிரியார் தங்கிய அரண்கோபுரம் எல்லாம் இதே கதைதான். போதாக்குறைக்கு, கம்பளம் விரித்த மாதிரி நீளும் கல்வேலிகளும் பண்ணைக் கொட்டகைகளும்.

ஒரு கொட்டகைச் சுவரில் இருக்கும் கல் ரோமானியக் கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகப்புக் கல் ஒரு ஆள் தூக்கும் அளவில் இருக்கும். முகம் சதுரத்துக்குப் பக்கமான செவ்வகம், பின்பக்கம் வால்போல் ஒடுங்கும். சுவருக்குள் இருக்கும்போது வால் தெரியாது, ஆனால் மூலை இடிந்த இடத்தில் தெரியும். முகத்தில் உளி வைத்துக் கொத்திய சாய்சதுரக் கோடுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அது மட்டுமே சான்று ஆகாது. பிற்காலக் கொத்தரும் அப்படிக் கொத்தியிருக்கிறார்கள்.

பெரிய கல்லின் மேற்புறத்தில் வாய் குறுகி உள்ளே அகன்ற செவ்வகக் குழி இருந்தால், அது கல்லைத் தூக்க இரும்புக் கொண்டி மாட்டிய துளை. செஸ்டர்ஸ் கோட்டைக்கு எதிர்க்கரையில் உள்ள பாலத்தின் அடிக்கட்டுமானத்தில் இத்தகைய துளைகளை வெயிலில் தெளிவாகப் பார்க்கலாம். சிறிய கல்லில் இடவலமாகத் திருப்பிய ஆங்கில சி எழுத்து போன்ற குறியும் பக்கத்தில் ஒரு பெயரும் இருந்தால், அந்தத் துண்டுச் சுவரைக் கட்டிய நூற்றுவர் குழுவின் அடையாளம். சுண்ணாம்புக் கட்டி கொண்டு எழுத்தை எடுப்பாக்கிப் படம் எடுக்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து எழும்பி வரும்.

இப்போது நிற்கும் சுவர் ரோமானியர் கட்டியதேதானா?

பாதி விடை ஆம். நியூகாசில் நகர எழுத்தராக இருந்த ஜான் கிளேட்டன் (1792–1890) சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கி, கல் பெயர்ப்பதை நிறுத்தினார். விழுந்து கிடந்த முகப்புக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி, தலைக்கு மேல் புல்கட்டி வைத்தார். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு மேற்கே காணும் அழகான, தலையில் புல் முளைத்த சுவர் பெரும்பாலும் அவருடைய வேலை. இருபதாம் நூற்றாண்டில் அரசு எடுத்துக்கொண்ட பகுதிகளில் இருந்ததை இருந்தபடியே சாந்து பூசி நிறுத்தினார்கள். அங்கே மேல்பகுதி கரடுமுரடாகவும் சாந்து தெரியும்படியும் இருக்கும். பார்க்க எடுப்பு கிளேட்டன் சுவர். சான்றுக்கு நம்பத்தக்கது இரண்டாவது.

விண்டோலாண்டா மரப்பலகைகள் அழியாமல் இருந்தது எப்படி?

சுவருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள விண்டோலாண்டாவில், சுவருக்கும் முந்தியே, மரத்தாலான கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டன. புதிய கோட்டை கட்டும்போதெல்லாம் பழையதை இடித்து, களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடினார்கள். அடியில் காற்றுப் புகவில்லை, ஈரம் காயவில்லை. ஆக்சிஜன் இல்லாததால் மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யவில்லை. தோல் செருப்பு மட்டும் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறது.

1973-ல் தொல்லியலாளர் ராபின் பேர்லியின் குழு முதல் பலகைகளை எடுத்தது. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமன், அஞ்சலட்டை அளவு, பிர்ச், ஆல்டர் போன்ற உள்ளூர் மரம். கரி மையால் எழுதி, நடுவில் மடித்து அனுப்பியவை. வெளிக்காற்று பட்டதும் மரம் கறுத்து எழுத்து மறைந்துவிட்டது. அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தபோது கரி மை கறுப்பாகவும் மரம் வெளுப்பாகவும் பிரிந்து வந்தன. இன்றும் அதே வழிதான்.

வாசகங்கள் சில்லறைக் காரியங்கள், அதுதான் அவற்றின் மதிப்பு. துங்க்ரியர் படையின் ஆள்கணக்கு ஒன்று: மொத்தம் 752 பேர், வெளியே போனவர்கள் 456, இருப்பவர்கள் 296, அதில் நோயாளி 15, காயம்பட்டவர் 6, கண்வலி 10, வேலைக்கு ஆகிறவர்கள் 265. ஒரு கோட்டையில் முழுப்படையும் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று வரைந்த பழைய படங்களை எல்லாம் இந்த ஒரு பலகை மாற்றிவிட்டது. கிளாடியா செவெரா தன் பிறந்தநாளுக்குத் தோழி சல்பீசியா லெப்பிடினாவை அழைத்த கடிதமும் இங்கே கிடைத்ததுதான். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கடைசியில் அவள் தன் கைப்பட நாலு வரி சேர்த்திருக்கிறாள்.

தமிழகத்தோடு இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு மிளகளவு உண்டு. விண்டோலாண்டா கணக்குப் பலகை ஒன்றில் கம்பாக்ஸ் என்ற வீரர் பெயருக்கு நேரே மிளகு, 2 டினாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்) என்று எழுதியிருக்கிறது. அந்த நூற்றாண்டில் ரோமுக்குப் போன கருமிளகு சேரநாட்டுக் கடற்கரையில், முசிறி போன்ற துறைகளில் ஏறியது. ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 டினாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் விலைக்கு அது அரை ராத்தல் ஆகும். வடகோடிவரை போய்ச் சேர்ந்த செலவையும் சேர்த்தால் இன்னும் குறைவாகவே கிடைத்திருக்கும்.

எல்லைக் கொள்ளையர் என்பவர்கள் யார்?

ரீவர்கள் என்பார்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகள், 1603-ல் இரு நாட்டுக்கும் ஒரே அரசர் வரும்வரை, எல்லையின் இரு பக்கக் குடும்பங்களும் ஒருவர் மாட்டை ஒருவர் ஓட்டிக்கொண்டு போவதைத் தொழிலாகவே வைத்திருந்தன. ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், நிக்சன், சார்ல்டன், ராப்சன், மில்பர்ன் ஆகியவை அந்தக் குடும்பப் பெயர்கள். இதை ஆங்கிலேயர்–ஸ்காட்டியர் சண்டை என்று சுருக்குவது தவறு. எல்லைக்கு அப்பால் இருக்கும் பங்காளியோடு சேர்ந்து, இப்பால் இருக்கும் அண்டை வீட்டாரைக் கொள்ளையடித்தது சர்வ சாதாரணம்.

சட்டமே இல்லாமலும் இல்லை. எல்லைக்கென்று தனிச் சட்டம் 1249-லேயே எழுதப்பட்டது. இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என மும்மூன்று மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் தலைவர். மாடு பறிகொடுத்தவர் ஆறு நாளுக்குள் எல்லை தாண்டித் துரத்தலாம். ஒளிந்து போகாமல், ஈட்டி முனையில் எரியும் புல்கட்டியைச் செருகிக்கொண்டு வெளிப்படையாகப் போகவேண்டும். இரு தரப்பும் கூடி வழக்குத் தீர்க்கும் சமாதான நாள் ஒன்றில் பிடிக்கக் கூடாத ஆளைப் பிடித்ததால்தான் கின்மண்ட் வில்லி ஆம்ஸ்ட்ராங் விவகாரம் வெடித்தது. 1596 ஏப்ரலில் வால்டர் ஸ்காட் ஆஃப் பக்லூ என்பவரின் ஆட்கள் கார்லைல் கோட்டைக்குள்ளேயே புகுந்து அவரை மீட்டுப் போனார்கள்.

பாஸ்டில் வீட்டை எப்படி அடையாளம் காண்பது?

கொள்ளைக்குப் பயந்து வசதியான குடியானவர்கள் கட்டிய கல்வீடு இது. பெரும்பாலும் 1550-க்கும் 1650-க்கும் இடையில், எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். கீழே தொழுவம், மேலே குடும்பம். டார்செட் பள்ளத்தாக்கில் உள்ள பிளாக் மிடன்ஸ் வீட்டுக்குப் போனால் எல்லா அம்சமும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சுவர் 1.2 மீட்டர் வரை தடிமன். கீழ்வாசலை முதலில் பக்கச் சுவரில், அதாவது கூரைச் சாய்வு முட்டும் முக்கோணச் சுவரில் தேடுங்கள். நீளச் சுவரில் அகலமான வாசல் இருந்தால் பிற்காலத்தில் உடைத்தது. வாசல் நிலையின் உட்பக்கம் கையை விட்டால் கணையமரம் நுழைந்த ஆழமான துளை தட்டுப்படும். சில வீடுகளில் வாசலுக்கு மேல் சாய்ந்த துவாரம் உண்டு; கதவுக்குத் தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்ற. கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது, காற்றுக்குக் கீற்றுத் துவாரம் மட்டும். மேல்வாசலுக்கு முதலில் ஏணிதான், ராத்திரி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இன்று காணும் கல்படிக்கட்டு அமைதி வந்தபிறகு சேர்ந்தது.

பெரும்பாலானவை இன்று பண்ணைக் கொட்டகைகள் அல்லது தனியார் வீடுகள். சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், இல்லையேல் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வெறும் புல்மேட்டைப் பார்த்து என்னவென்று சொல்ல முடியுமா?

முடியும், வெயில் சாய்ந்த நேரத்தில். நவம்பர் முதல் மார்ச் வரை, காலை அல்லது மாலையில், அரையடி மேட்டுக்கும் நிழல் விழும். ஜூலையில் பெரணிச் செடி இடுப்பளவு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஐந்து மீட்டருக்கு மேல் அகலமாக, முனையில் எஸ் எழுத்தின் கண்ணாடிப் பிம்பம்போல் வளைந்து ஓடும் வரம்புகள் இடைக்கால உழவு. நீளமான எருதுப் பூட்டைத் திருப்ப முன்கூட்டியே வளைக்கவேண்டியிருந்ததால் வந்த வளைவு அது. ஒடுங்கி, நேராக, ஒரே இடைவெளியில் ஓடினால் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டு. ஓடைக்கரையில் செவ்வக அடித்தளங்கள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், கோடையில் மாட்டோடு மேலே வந்து தங்கிய குடிசைகளாக இருக்கலாம். அடிக்கடி ஏமாற்றுவது வட்டக் கல் அடுக்கு: இரும்புக்கால வீடு என்று ஓடிப்போனால் 19-ஆம் நூற்றாண்டு ஆட்டுப்பட்டியாக இருக்கும். கல் இன்னும் இடுப்பளவு நின்றால் பட்டி. புல் மூடிய தாழ்ந்த வளையம், பக்கத்தில் இன்னும் சில வளையங்கள் என்றால் பழையது. யேவரிங் பெல் மலையுச்சிக் கோட்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுத் தளங்களை இப்படிப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்தே தேட மூன்று படி. முதலில் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த) உயரத் தரவில் இடத்தைப் பாருங்கள். மரமும் செடியும் நீங்கிய தரை தெரியும். அடுத்து ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் 1860-களின், ஒரு மைலுக்கு ஆறு அங்குல அளவுள்ள வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள் (இங்கிலாந்துப் பக்கமும் அதிலேயே உண்டு). பட்டியும் சுண்ணாம்புக் காளவாயும் அதில் பெயரோடு இருக்கும், பாதிப் புதிர் அங்கேயே முடிந்துவிடும். கடைசியாக நார்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிக்கான கீஸ் டு தி பாஸ்ட் தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோட்டுப் பாதைகள், வடிகால், குழாய் பதித்த தடம் எல்லாம் லைடாரில் ரோமானியச் சாலைபோலவே நடிக்கும். பழைய வரைபடத்தோடு ஒப்பிடாமல் அறிவிக்கவேண்டாம்.

உலோகம் கண்டறியும் கருவியோடு போகலாமா? ஏதாவது கிடைத்தால்?

சுவர், கோட்டைகள், வால்லம் உட்பட பட்டியலிட்ட நினைவுச்சின்ன நிலத்தில் உரிய அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம். பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் நிலத்திலும் பொதுவாக விடுவதில்லை. மற்ற இடங்களில் நில உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

இங்கிலாந்தில் 1996 புதையல் சட்டப்படி புதையல் என்பவை: 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள், ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தங்க, வெள்ளி நாணயம், மற்ற உலோக நாணயம் என்றால் பத்து. 2023 முதல், 200 ஆண்டுக்கு மேற்பட்ட சிறப்பு முக்கியத்துவம் உள்ள உலோகப் பொருளும் சேர்ந்தது. மரண விசாரணை அதிகாரிக்கு 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். நடைமுறையில் மாவட்டக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போய்விட்டால் சட்டமே வேறு: தங்கமோ இரும்போ, தொல்பொருள் எதுவானாலும் அரசுக்குச் சொந்தம், எல்லாவற்றையும் அறிவித்தாகவேண்டும். எல்லை ஓடும் ஷெவியட் மலை முகட்டில் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது முக்கியம்.

கிடைத்ததைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். ஈர மண்ணில் வந்த மரம், தோல் என்றால் அதே ஈர மண்ணோடு பையில் போட்டு மூடுங்கள். வெளியில் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். இடத்தின் வரைபடக் கட்ட எண்ணையும் ஆழத்தையும் அங்கேயே குறியுங்கள்.

அகழாய்வில் தன்னார்வலராகச் சேர முடியுமா?

விண்டோலாண்டாவில் ஆண்டுதோறும் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை கட்டணத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள். முந்தைய ஆண்டு நவம்பர் வாக்கில் பதிவு திறக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். முன்அனுபவம் தேவையில்லை, முழங்கால் தாங்கவேண்டும். பக்கத்து மேக்னா கோட்டையில் 2023-ல் தொடங்கிய ஐந்தாண்டு அகழாய்வுக்குச் சதுப்பு வறண்டுவருவதும் ஒரு காரணம். ஈரம் போனால் அடியில் உள்ள மரமும் தோலும் போய்விடும். 2025-ல் அங்கே 30 சென்டிமீட்டருக்கும் நீளமான செருப்புகள் வந்தன.

கரண்டியை உங்களை நோக்கி இழுத்துச் சுரண்டுங்கள், நுனியால் குத்தாதீர்கள். சுரண்டிய இடத்தின் மேல் நடக்காமல் பின்னோக்கி நகருங்கள். மண்ணின் நிறமோ தன்மையோ மாறினால் அங்கேயே நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: ஒரு பொருள் தலைகாட்டியதும் அதைச் சுற்றிக் குழி பறிப்பது. அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பது அதோடு போய்விடும்.

எப்போது போவது, எப்படிப் போவது?

நியூகாசில்–கார்லைல் ரயில் பாதையில் ஹெக்ஸம், ஹால்ட்விசில் நிலையங்களில் இறங்கலாம். அங்கிருந்து ஏடி122 பேருந்து கோட்டைகளை இணைக்கிறது. குளிர்காலத்தில் அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பவேண்டாம். 2003-ல் திறந்த நடைபாதை 135 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கான முத்திரை அட்டை மே முதல் அக்டோபர் வரைதான். மற்ற மாதங்களில் ஈரமண் மிதிபட்டால் அடியில் உள்ள தொல்லெச்சமும் சேர்ந்து சிதையும். புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவலாக நடங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், ஹவுஸ்டெட்ஸுக்கு மேற்கே மரங்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டு மட்டும் விதிவிலக்கு. சைக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் சுவரோரம் தனியாக நின்ற புகழ்பெற்ற மரம் 2023 செப்டம்பரில் வெட்டப்பட்டுவிட்டது, பள்ளமும் சுவரும் அப்படியே இருக்கின்றன.

வடக்கே சூ கிரீன் ரோமானிய முகாமுக்குப் போகிறவர்கள் ஓட்டர்பர்ன் ராணுவப் பயிற்சி நிலத்தைக் கடக்கவேண்டும். சுடும் நாட்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் திரும்பிவிடுங்கள். கொடி இறங்கிய நாளிலும் தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடாதீர்கள். வரைபடம் எடுத்துப்போவதானால் சுவருக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்43, ஷெவியட் மலைக்கு ஓஎல்16. பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது, தாளில் ஒரு பிரதி இருக்கட்டும்.